ஆறிய கண்ணில் ஆறாத வலி: ஊவா மலைத்தோட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுப்பவர். வயது 47. இடது கண்ணில் இரண்டு வருடத்துக்கும் மேலாக எரிச்சலும் குத்தலும். எங்கள் கண் கிளினிக்குக்கு வருவதற்கு முன்பே பல இடங்களில் காட்டியிருக்கிறார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் இரண்டு கிளினிக் கொப்பிகள், ஆறு சொட்டு மருந்துப் போத்தல்கள், ஒரு சின்ன டப்பாவில் வாடிப்போன நந்தியாவட்டைப் பூ. கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தால் எழுத்துகள்தான் வேறு வேறு, விஷயம் ஒன்றுதான்: பார்வை நன்றாக இருக்கிறது, சத்திரசிகிச்சை செய்த இடம் ஆறிவிட்டது, கண்ணில் ஒன்றுமில்லை. கடைசியாகப் பார்த்தவர் மனநல கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

கண்ணில் ஒன்றுமில்லை என்றது சரி. வலிக்கிறது என்று அந்த அம்மா சொன்னதும் சரி. கண் ஆறிய பிறகும் அதன் நரம்பு வலித்துக்கொண்டே இருக்கலாம், ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த கதை

வெயிலிலும் காற்றிலும் வருடக்கணக்காக நின்று வேலை செய்பவர்களுக்கு மூக்கோரத்து வெள்ளைவிழியிலிருந்து ஒரு சதை கருவிழியை நோக்கி வளர்வது சகஜம். மலையகத்துக் கண் கிளினிக்குகளில் அதைப் பார்க்காத நாள் குறைவு. இவருக்கு இடது கண்ணில் அது வளர்ந்து, கருவிழிக்குள் ஏறி, பார்வையைக் கொஞ்சம் இழுக்கத் தொடங்கியிருந்தது. வெட்டி எடுத்து, அந்த இடத்தில் அதே கண்ணின் மேல்பக்கத்திலிருந்து எடுத்த மெல்லிய தோலை ஒட்டினார்கள். வழமையான சத்திரசிகிச்சை, நன்றாகவே செய்யப்பட்டிருந்தது. முதல் சில வாரங்கள் கண் உறுத்தும், சிவக்கும் என்று சொல்லியே அனுப்பினார்கள்.

சிவப்பு போனது, உறுத்தல் போகவில்லை. சில மாதத்தில் அது எரிச்சலாக மாறியது. “சும்மா இருந்தா எரியுதுங்க டொக்டர், காத்துப் பட்டா குத்துது. காலையில எழும்பும்போது ஒன்னும் இல்ல. மலைக்குப் போயி ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சிரும்.” லைட்டைப் பார்க்க முடியவில்லை, அடுப்புப் புகை பட்டால் கண்ணை மூடிக்கொண்டு வெளியே ஓட வேண்டியிருந்தது. சதை திரும்ப வளர்கிறது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். யாரோ சொல்லி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி விட்டார்கள். அதற்கு முன் ஒரு தடவை தாய்ப்பாலும் விட்டிருக்கிறார்கள். பிறகு மருந்தகத்தில் கேட்டு ஒரு போத்தல், கிளினிக்கில் ஒரு போத்தல், தனியார் டொக்டரிடம் இன்னொரு போத்தல்.

இதற்கிடையில் எடை குறைந்தது. கொழுந்தின் எடையைச் சொல்கிறேன். அரைப்பேர் (எடை போதாமல் அரைநாள் கூலி) விழும் நாட்கள் கூடின, கிளினிக் நாளில் முழுப்பேரும் (முழுநாள் கூலி) போனது. வலியின் கடுமையை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்பதைவிட, மாதத்தில் எத்தனை முழுப்பேர் விழுந்தது என்று கேட்டால் தோட்டத்துப் பெண்களிடமிருந்து நேரான பதில் வருகிறது. நாங்கள் இரண்டையுமே குறித்துக்கொண்டோம்: வலி 8, முழுப்பேர் பாதிக்கும் கீழே.

பரிசோதனை

பார்வை இரண்டு கண்ணிலும் 6/6. ஸ்லிட் லாம்பில் ஒட்டிய தோல் அழகாகப் படிந்திருந்தது, சதை திரும்ப வளர்ந்த அடையாளமே இல்லை. மேல்தோல் கெட்ட இடத்தில் ஒட்டும் ஃபுளோரசீன் சாயம் விட்டுப் பார்த்ததில் கருவிழியின் கீழ்ப்பக்கத்தில் சில புள்ளிகள், அவ்வளவுதான். ஷிர்மர் தாளில் ஐந்து நிமிடத்தில் 14 மில்லிமீற்றர் நனைந்தது, ஆகவே கண்ணீர் சுரக்கிறது. ஆனால் கண்ணீர்ப் படலம் ஏழு வினாடியில் உடைந்துவிட்டது. பத்து வினாடியாவது நிற்க வேண்டும். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் கொஞ்சம் அடைத்திருந்தன. இலேசான கண் வறட்சி என்று சொல்லலாம். அந்த இலேசான வறட்சிக்கும் இவர் சொல்லும் வலிக்கும் பொருத்தமே இல்லை. சந்தேகம் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

பஞ்சைத் திரித்து அதன் நுனியால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தோம். வலது கண் சாதாரணமாக இமைத்தது. இடது கண்ணில் பஞ்சு படுமுன்னே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், பட்டதும் எரிச்சல் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றது. அப்புறம் அதே பஞ்சால் இடது புருவம், நெற்றி, உச்சந்தலை வரை மெதுவாகத் தடவினோம். அங்கேயும் எரிந்தது. நெற்றியின் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனதும் வெறும் பஞ்சு. தொட்டாலே வலிக்கக் கூடாத பொருள் தொட்டு வலித்தால் அங்கே நரம்பின் வேலை கெட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது முக்கியமான பரிசோதனை. செலவு ஒரு சொட்டு. கண்ணை மரக்கச் செய்யும் மருந்தை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் கழித்து, இப்போது எப்படி என்று கேட்க வேண்டும். வலி முழுதாக நின்றால் கோளாறு கண் மேற்பரப்பின் நரம்பு நுனிகளில். கொஞ்சமும் குறையாவிட்டால் அது உள்ளே, மூளைத்தண்டுப் பக்கம். பாதி குறைந்தால் இரண்டும் கலந்தது. இவருக்கு 8 இருந்த வலி 3 ஆனது. மிச்சமிருந்தது புருவத்திலும் நெற்றிப்பொட்டிலும். கலப்பு வகை.

அப்போது அவர் சொன்னதைத்தான் இந்த நிகழ்வில் நான் பெரிதாக நினைக்கிறேன். “இந்த மருந்த ஊத்துனா நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியுமே. கண் பிரஷர் பாக்குறப்ப எல்லாம் ஊத்துவாங்க. அத எழுதிக் குடுங்கன்னு கேட்டேன், தர மாட்டேனுட்டாங்க.” கண்ணின் அழுத்தத்தை அளக்கும் கருவியைக் கருவிழியில் தொட வேண்டும் என்பதால் அதற்கு முன் மரப்பு மருந்து விடுவது வழக்கம். ஆக, ஒவ்வொரு தடவையும் பரிசோதனை நடந்தே இருக்கிறது. கேள்விதான் கேட்கப்படவில்லை. நெரிசல் உள்ள கிளினிக்கில் மருந்தை விடுபவர் மிஸ்ஸி (தாதி), அழுத்தம் பார்ப்பவர் இன்னொருவர், கொப்பியில் எழுதுபவர் வேறொருவர். இடையில் “வலி குறைஞ்சுதா அம்மா?” என்று கேட்க ஒருவரைச் சொல்லி வைத்தால் போதும், புதுக்கருவி எதுவும் தேவையில்லை.

மரப்பு மருந்தை எழுதிக் கொடுக்க மறுத்தது சரியான முடிவு. அதை வீட்டில் வைத்து விட்டுக்கொண்டே இருந்தால் கருவிழியின் மேல்தோல் உரிந்து, ஆறாமல் புண்ணாகி, பார்வையே போகும். மருந்தகத்தில் யாராவது கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

வலி எங்கிருந்து வருகிறது

உடலிலேயே நரம்பு நுனிகள் மிக அடர்த்தியாக இருப்பது கருவிழியில். தோலைவிட 300 முதல் 600 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மையத்தில் அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள படலத்தில் இவ்வளவும். தொடுகை, சூடு, இரசாயனம், குளிர் என்று ஒவ்வொன்றையும் உணர வேறு வேறு நுனிகள். கண்ணீர் ஆவியாகி மேற்பரப்பு ஓர் எள்ளளவு குளிர்ந்தாலும் தெரிந்துகொள்ளும் நுனிகளும் உண்டு, கண்ணீரைச் சுரக்கச் சொல்வதில் அவற்றுக்குப் பங்கிருக்கிறது.

சதையை வெட்டிக் கருவிழியைச் சுரண்டும்போது இந்த நுனிகளில் ஒரு பகுதி அறுபடும். பெரும்பாலானவர்களுக்கு அவை ஒழுங்காகத் திரும்ப வளர்ந்துவிடும். சிலருக்குத் தாறுமாறாக வளர்ந்து, தூண்டுதல் இல்லாமலே செய்தி அனுப்பத் தொடங்கும். கண்ணில் செய்யும் லேசர், கண்புரைச் சத்திரசிகிச்சை, நீண்ட நாள் கண் வறட்சி, நெற்றியில் வரும் அக்கி ஆகியவற்றுக்குப் பின்னும் இதேபோல நடப்பதுண்டு. செய்தி மாதக்கணக்காகப் போய்க்கொண்டே இருந்தால் அதை வாங்கும் மூளைத்தண்டின் நரம்பணுக்களும் எளிதில் கிளர்ந்துவிடும் நிலைக்கு மாறுகின்றன. கண்ணுக்கும் நெற்றிக்கும் உச்சந்தலைக்கும் போவது முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பின் மூன்று கிளைகளில் ஒரே கிளை, போய்ச் சேருமிடமும் ஒன்று. அதனால்தான் கண்ணில் தொடங்கிய வலி புருவத்துக்கும் பரவியது. அந்த அம்மாவுக்கு நாங்கள் சொன்னது இப்படி: கள்ளன் ஓடிப்போய் நாளாச்சு, நாய் இன்னும் குரைச்சிக்கிட்டே இருக்கு. “அப்ப நாயத்தான் அடக்கணும்” என்றார். சரிதான்.

இப்படி ஒரு முடிவுக்கு வருமுன் வேறு சிலவற்றை ஒதுக்கிப் பார்த்தோம். காலையில் கண்ணைத் திறக்கும் அந்தக் கணத்தில் சுரீரென்று வலித்தால் மேல்தோல் உரியும் நோயை நினைக்க வேண்டும், இவருக்கு மறுதலை. சில வினாடிகள் மட்டும் மின்சாரம் அடித்தாற்போல் வந்து போகவில்லை. கண் சிவந்து தண்ணீர் கொட்டி ஒரு மணி நேரத்தில் அடங்கும் கொத்துத் தலைவலியும் இல்லை. சீனி, தைரொயிட், மூட்டுவாத இரத்தப் பரிசோதனைகள் சாதாரணம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நெற்றியின் ஒரு பக்கம் கொப்புளம் போட்டு, மூக்கு நுனியிலும் வந்தால் அது கண்ணுக்குள் இறங்கக்கூடிய அக்கி. 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால் பயன் அதிகம். அக்கி எழுதிக்கொண்டு ஒரு கிழமை காத்திருக்கக் கூடாது. திடீரென்று பார்வை மங்குதல், வாந்தியோடு கண்வலி, லைட்டைச் சுற்றி வானவில் வளையம், இவையும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை.

போத்தல்களும் கூடைக்கயிறும்

மேசையில் ஆறு போத்தலையும் வரிசையாக வைத்துக் கணக்குப் பார்த்தோம். ஒரு கிருமிக்கொல்லி மருந்து, ஒரு ஸ்டீரொய்ட், ஒவ்வாமைக்கு ஒன்று, கண்ணீருக்குப் பதிலாக மூன்று. வெவ்வேறு பெயர் என்பதால் மூன்றும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியாது. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இருபது சொட்டுக்குக் கிட்ட. ஆறிலும் பென்சல்கோனியம் குளோரைட் இருந்தது. போத்தலுக்குள் கிருமி வளராமல் காக்கும் பொருள் அது. நாளைக்கு இரண்டு மூன்று சொட்டானால் பொதுவாகத் தாங்கும். இந்த அளவில் அது கருவிழியின் மேல்தோலையும் நரம்பு நுனிகளையும் அரித்துக்கொண்டே இருக்கும். வலிக்குப் போட்ட மருந்து வலிக்குத் தீனி போட்டிருக்கிறது. ஒவ்வொரு டொக்டரும் ஒன்றைச் சேர்த்தார்கள், முன்னே எழுதியதை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை.

ஸ்டீரொய்ட் விட்ட இடது கண்ணின் அழுத்தம் 21, வலது கண்ணில் 14. ஸ்டீரொய்ட் கண்ணின் அழுத்தத்தை ஏற்றும், இன்னும் ஒரு வருடம் இப்படியே போயிருந்தால் கண் அழுத்த நோயும் சேர்ந்திருக்கலாம். ஆறையும் நிறுத்தினோம். பூவும் பாலும் கண்ணுக்குள் வேண்டாம், குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய கண்ணின்மேல் வைப்பதில் தப்பில்லை என்றோம். இரண்டாவது மாதத்தில் இடது கண்ணின் அழுத்தம் 15க்கு இறங்கியது.

நெற்றி எரிச்சல் கூடைக்கு நம்மைக் கூட்டிப்போகிறது. கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலைக்கும் நெற்றிக்கும் இடையில் படிகிறது, மடித்த துணியின் மேல். கூடை நிறைய நிறைய அது பின்னால் இழுக்கும். புருவத்துக்கு மேலிருந்து உச்சிவரை ஓடும் நரம்பு அந்தக் கயிற்றுக்கு நேர் கீழே. இவர் யாரும் சொல்லாமலே கயிற்றை வலப்பக்கம் தள்ளிப் போட்டு, கழுத்தைச் சாய்த்து நடக்கப் பழகியிருந்தார். கயிறுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கனவே கிளர்ந்திருக்கும் ஒரு நரம்பின்மேல் நாள் முழுக்கப் பாரத்தைத் தொங்கவிடுவது நல்லதல்ல என்பதற்கு அதிக யோசனை வேண்டாம். தோளில் மாட்டும் பைக்கு மாற முடியுமா என்று தோட்டத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். கங்காணி முதலில் சிரித்தாராம், பிறகு சம்மதித்தார்.

மருந்து

சொட்டு மருந்தாக ஒன்றே ஒன்று: பென்சல்கோனியம் கலக்காத செயற்கைக் கண்ணீர், நாளைக்கு நான்கு தடவை. விலை கூடியது என்பது உண்மை. ஆறு போத்தலுக்குச் செலவழித்ததோடு ஒப்பிட்டுக் காட்டியபோது மகன் ஒத்துக்கொண்டார். இரவில் வெதுவெதுப்பான துணியால் இமைக்கு ஒத்தடம், மெதுவாக நீவிவிடுதல்.

சொந்த இரத்தத்தின் சீரத்தை 20 சதவீதமாகக் கலந்து செய்யும் சொட்டும் உண்டு, நரம்பு நுனிகள் சீராக வளர அது உதவுகிறது. ஆனால் கிருமியில்லாமல் தயாரிக்க வேண்டும், குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்துக் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு) அதை எழுதிக் கொடுப்பது எழுதிக் கொடுத்த திருப்திக்கு மட்டுமே உதவும். வேறு வழியெல்லாம் பலிக்காவிட்டால் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தோம்.

நரம்புக்கு அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம், இரவு ஏழரை மணிக்கு. பழைய மருந்து, மலிவு, அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைக்கும். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டே தொடங்கினோம். படுக்கும்போது போடச் சொல்லாமல் ஏழரைக்கு என்று குறித்ததற்குக் காரணம் காலைப் பிரட்டு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் நேரம். தாமதமாகப் போட்டால் விடிந்தும் தூக்கக் கலக்கம் நிற்கும், செங்குத்தான மலையில் அது ஆபத்து. வாய் வறளும், கண்ணீரையும் சற்றுக் குறைக்கும் என்பதால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

பத்து நாளில் நின்றுபோனது. மருந்தகத்தில் ஒரு பையன் மாத்திரையைப் பார்த்து “இது மண்டைக்குக் குடுக்கிற மருந்து அக்கா” என்றிருக்கிறான். மனநல கிளினிக்குக்குத் துண்டு எழுதப்பட்ட ஒருவருக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும்! மறுபடி உட்கார வைத்து விளக்கினோம். மனச்சோர்வுக்கு இதே மருந்து 75 முதல் 150 மில்லிகிராம் வரை கொடுக்கப்படும், நரம்பு வலிக்கு 10, 25 போதும், அதன் வேலை செய்தி போகும் வழியைத் தணிப்பது. தூக்கம் சரியானால் வலியும் தணியும் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அன்றிலிருந்து இந்த மாத்திரையை எழுதும்போது கொப்பியில் “கண் நரம்பு வலிக்கு” என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதுகிறேன்.

25 மில்லிகிராமுக்கு ஏற்றி, மூன்றாம் மாதம் நரம்பு வலிக்கான இன்னொரு மருந்தான கபாபென்டின் 300 மில்லிகிராம் இரவில் சேர்த்தோம். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்தாயிற்று. புத்தகத்தில் நாளைக்கு மூன்று வேளை என்றிருக்கும். தலைச்சுற்றல் வரலாம் என்பதால் காலை வேளையைக் கடைசிவரை கொடுக்கவில்லை.

காற்றுக்கு, ஹாட்வெயார் கடையில் விற்கும் பக்கங்களையும் மூடும் தெளிவான பாதுகாப்புக் கண்ணாடி. மருந்துக் கடையில் தேட வேண்டியதில்லை. மற்றப் பெண்கள் “அக்கா மோட்டார் சைக்கிள் எங்க?” என்று கேலி செய்தார்களாம். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது அந்த நிரையில் இன்னும் இரண்டு பேர் வாங்கியிருந்தார்கள்.

பின்தொடர்தல்

ஆறு வாரத்தில் வலி 7. தூக்கம் மட்டும் நன்றாக வந்தது. இந்த இடத்தில்தான் பலர் மருந்தை விட்டுவிட்டு அடுத்த டொக்டரைத் தேடிப் போகிறார்கள். மூன்று மாதத்துக்குள் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்ததால் இவர் நின்றார். நான்காம் மாதம் 5. ஏழாம் மாதம் 3, முழுப்பேர் மாதத்தில் முக்கால்வாசி. புருவத்தில் பஞ்சு பட்டால் கூசுகிறது, எரியவில்லை.

பிறகு ஜூலை வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து ஊவாச் சரிவில் இறங்குகிற காலம். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அந்த வறண்ட காற்றால்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம், ஏலத்தில் தனி விலை. கண்ணீர்ப் படலத்துக்கு அதே காற்று எமன். வலி 6க்கு ஏறியது. கூடும் என்று முன்பே பேசியிருந்ததால் பதறவில்லை. மருந்தின் அளவைக் கூட்டாமல், செயற்கைக் கண்ணீரை ஆறு தடவையாக்கி, மேட்டு மலையை விட்டுக் காற்று மறைவான பள்ளத்து மலையில் போட முடியுமா என்று கங்காணியிடம் கேட்கச் சொன்னோம். சில நாட்கள் நாற்றுமேடை வேலையும் கிடைத்தது. ஒக்டோபரில் பழையபடி 3.

இப்போது கபாபென்டினைக் குறைத்து நிறுத்தும் கட்டத்தில் இருக்கிறோம். அமிட்ரிப்டிலின் இன்னும் சில மாதம் ஓடும். வலி சுத்தமாகப் போய்விடும் என்று நாங்கள் சொல்லவில்லை, அவரும் இப்போது அதைக் கேட்பதில்லை.

கேட்டது வேறு. வலது கண்ணிலும் ஒரு சதை இருக்கிறது, கருவிழிக்குள் ஒன்றரை மில்லிமீற்றர். பார்வையைத் தொடவில்லை. கண் சிகிச்சை முகாமில் யாரோ பார்த்து வெட்டலாம் என்று திகதி கொடுத்திருக்கிறார்கள். வளர்ந்து கண்மணியை நெருங்காதவரை தொட வேண்டாம் என்றோம். அப்படி நெருங்கினால் சத்திரசிகிச்சை செய்பவருக்கு இடது கண்ணின் கதை முன்கூட்டியே தெரிய வேண்டும், வலியை ஆரம்பத்திலிருந்தே அடக்கும் ஏற்பாட்டோடுதான் செய்ய வேண்டும். கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் அதை எழுதி, முகாமுக்குக் கொடுக்க ஒரு கடிதமும் இணைத்தோம். திகதி ரத்தாகிவிட்டது.